பயந்த சுபாவம்

நவம்பர் 18

மூன்று கேஸுக்கும் வாய்தா. கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனதும் தூக்கிக்கொண்டு வந்ததும்தான் இன்றைய வேலை. சீனியருக்குப் பல்வலி, அதனால் ஆபீசில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார்.

மதியம் மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சட்டமும் கணினியும் சேர்த்துப் படிக்கிற முதுநிலைப் படிப்பு. இரண்டு வருடம், நான்கு நாடுகள், பருவத்துக்கு ஒரு பல்கலைக்கழகம். உதவித்தொகை கிடைத்தால் செலவெல்லாம் அவர்களுடையது. கிடைக்காவிட்டால் எனக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிற யோக்கியதைகூடக் கிடையாது. குமாஸ்தா பின்னால் வந்து நிற்பது தெரிந்ததும் சட்டென்று மூடிவிட்டேன்.

ஏன் மூடினேன்? பார்ப்பதற்கு என்ன பயம்?

நவம்பர் 21

இவரிடம் சொன்னேன். வேலை முடிந்து வந்து கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். இன்று ஏதோ ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம்.

"ரெண்டு வருஷமா?" என்றார். நகக்கண்வரை தேய்த்துக் கழுவி முடித்தார். அப்புறம், "போட்டுப் பாரேன். காசா பணமா?"

"பாப்பா?" என்றேன்.

துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். பாப்பாவுக்கு ஆறு வயது. இன்னமும் என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள்.

நவம்பர் 30

'இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்' என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். என்னத்தை எழுத? எனக்குத் தெரிந்த ஒரே காரணம் தையற்கடை அம்மாதான்.

கடையைக் காலி செய்யச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து அவருக்காக மேல்முறையீடு போட்டோம். கடைசி நாள் சாயங்காலம் நான்தான் கோர்ட்டின் இணையதளத்தில் ஏற்றினேன். அவர்கள் கணினியில் மனுக்கள் வரிசைகட்டி நின்றதில் எங்களுடையதன் மேல் மறுநாள் தேதி விழுந்துவிட்டது. கெடு தாண்டியது, தள்ளுபடி. சீனியர் தொண்டை வற்ற வாதாடிப் பார்த்தார். பதிவுப் பிரிவில் இருந்தவர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "சிஸ்டம் பொய் சொல்லாது மேடம்" என்றார் என்னிடம்.

என்னிடம் போட்டோ இருந்தது. எதை ஏற்றினாலும் திரையையும் சுவர்க் கடிகாரத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். அவ்வளவு பயம் எனக்கு. "கல்யாண ஆல்பத்துல கூட இத்தனை போட்டோ இருக்காதும்மா" என்று குமாஸ்தா கேலி செய்வார். படத்தை நீட்டினேன். கணினிப் பதிவுக்கு எதிராகப் படத்தைப் பார்க்க விதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கணினியின் உள்பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டோம். அதற்கும் விதி இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறும் எந்த மனிதனையும் குறுக்கு விசாரணை செய்யலாம். இதை மட்டும் யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது.

அந்த அம்மா இப்போது வீட்டு நடையில் மிஷினைப் போட்டுத் தைக்கிறார். போன மாதம்கூட பாப்பாவுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

இதைத்தான் எழுதினேன்.

டிசம்பர் 9

பரிந்துரைக் கடிதம் வேண்டும். வேலை செய்யும் இடத்துத் தலைவர் தர வேண்டுமாம். சீனியரிடம் கேட்பதா? கேட்டால் தெரிந்துவிடும். கிடைக்காமல் போய்விட்டால்? போகப்போகிறவள் என்று தெரிந்த ஜூனியரை யார் வைத்துக்கொள்வார்கள்? இருந்த வேலையும் போச்சு என்றால்?

டிசம்பர் 10

கேட்கவில்லை.

டிசம்பர் 11

கேட்கவில்லை. பல்வலி சரியாகட்டும்.

டிசம்பர் 16

பல் பிடுங்கியாகிவிட்டது. சாக்குப் போய்விட்டது. கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எங்க?" என்றார். சொன்னேன். "எத்தனை வருஷம்?" சொன்னேன். "வீட்டுல?" சரி என்கிறார்கள் என்றேன். அத்தைக்கு இன்னும் சொல்லவே இல்லை.

"பாப்போம்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று ஆறு வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

டிசம்பர் 19

கடிதத்துக்கான இணைப்பு சீனியரின் மின்னஞ்சலுக்கு வந்தது. அதைப் பார்ப்பதும் பதில் போடுவதும் நான்தான். அவர் கணினியைத் தொட்டதே இல்லை. எல்லாக் கடிதத்தையும் போல இதையும் அவர் சொல்ல, நான் தட்டச்சு செய்ய வேண்டும். என்னைப் பற்றியே.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "இவர் என்னிடம் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார், கமா, ஒரு கெடுவையும் தவறவிட்டதில்லை, முற்றுப்புள்ளி." உச்சி குளிர்ந்துபோய் அடித்துக்கொண்டே போனேன். இவ்வளவு நல்ல வார்த்தையை அவர் வாயால் கேட்டதே இல்லை.

"புது பத்தி. இவர் பயந்த சுபாவம் உடையவர், முற்றுப்புள்ளி. நீதிமன்றத்தில் எழுந்து பேசச் சொன்னால் குரல் எழும்பாது, முற்றுப்புள்ளி."

என் விரல் நின்றுவிட்டது.

"அடிச்சியா?"

"அடிச்சுட்டேன் சார்."

"அவ்வளவுதான். அனுப்பிடு." கண்ணைத் திறக்கவே இல்லை.

நான் அனுப்பவில்லை. நாளைக்கு என்று வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 20

அந்த இரண்டு வாக்கியங்களையும் அழித்தேன். திரும்பப் போட்டேன். மறுபடி அழித்தேன்.

அவர் படித்துப் பார்க்கப் போவதில்லை. அவர் பெட்டி, கடவுச்சொல் என்னிடம். யாருக்குத் தெரியப்போகிறது? எந்தக் கணினிப் பதிவும் என்னைக் காட்டிக் கொடுக்காது. அதில்தான் பயந்தேன். தையற்கடை அம்மா கேஸில் நான் புலம்பியதெல்லாம் என்ன? பதிவில் இருப்பதே உண்மை ஆகிவிடாது என்றுதானே? இப்போது நானே ஒரு பதிவைத் தயார் செய்து அவர் பெயரில் அனுப்புவதா?

இப்படி எழுதினால் பெரிய நேர்மைக்காரி மாதிரி இருக்கிறது. அதெல்லாம் இல்லை. மாட்டிக்கொள்வேனோ என்ற பயம் பாதி. பொய் சொல்லவும் பயம், உண்மையை அனுப்பவும் பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச் சந்து.

கடைசியில் வாக்கியங்களைத் திரும்பப் போட்டு, கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, "நீங்களே அமுக்கிடுங்க சார்" என்றேன். விசித்திரமாகப் பார்த்தார். ஆள்காட்டி விரலால், காலிங்பெல் அடிப்பதுபோல அமுக்கினார்.

போச்சு. இனி ஒன்றும் செய்ய முடியாது. பயந்தாங்கொள்ளியை யார் தேர்ந்தெடுப்பார்கள்?

ஜனவரி 14

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. இவர் உளறிவிட்டார். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடப் போகுது" என்றார் அத்தை. "அரசனே இன்னும் பதில் போடல அத்தை" என்றேன். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கு வரவில்லை.

பிப்ரவரி 26

நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

கூப்பிடாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 12

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது.

படுக்கையறையில் உட்கார்ந்து பேசினேன். பாப்பாவை இவர் வெளியே கூட்டிப் போய்விட்டார். திரையில் மூன்று பேர். முதல் கேள்விகளுக்கு என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. பிறகு, நடுவில் இருந்த நரைத்த தலைப் பெண் ஒரு காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார். "நீங்கள் பயந்த சுபாவம் உடையவர் என்று உங்கள் சீனியர் எழுதியிருக்கிறார். அது சரியா?"

சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது "ஆமாம்."

"எதற்குப் பயப்படுவீர்கள்?"

அப்போதுதான் எனக்கே தெரியாமல் பேச ஆரம்பித்தேன். மனுவை ஏற்றும் ஒவ்வொரு தடவையும் பயப்படுவேன் என்றேன். கடிகாரத்தோடு படம் எடுப்பதைச் சொன்னேன். ஒரு நாள் தவறினால் ஒரு ஆள் தெருவுக்கு வந்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும், அதனால் பயம். தேதி போடுகிற அந்தக் கணினிக்கு அது தெரியாது. அதை உருவாக்கியவர்களும் அப்படி நினைத்துப் பயந்ததாகத் தெரியவில்லை. பயந்திருந்தால், தப்பு நடந்தால் கேட்பதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். அந்த வழியை எப்படி வைப்பது, சட்டத்தில் எங்கே, கணினியில் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் படிக்கத்தான் வருகிறேன் என்றேன்.

குரல் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. அவர்கள் எழுதிக்கொண்டார்கள். "நன்றி" என்றார்கள். திரை அணைந்தது. நல்லபடியாகப் போனதா? முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியே வந்தால் பாப்பா வாசலில் உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா கத்துன?" என்றாள். கத்தினேனா?

மார்ச் 13

'படிக்க வருகிறேன்' என்று சொல்லியிருக்கக் கூடாது. 'வர விரும்புகிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். திமிர் என்று நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 22

கிடைத்துவிட்டது. முழு உதவித்தொகை.

குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் என்று எழுத ஆசை. பாதிக்குமேல் பயம்தான். இதுவரை கிடைக்காது என்ற தைரியத்தில் அல்லவா இருந்தேன்.

ஏப்ரல் 24

சீனியரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்த வரியைப் படிச்சா எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

காதில் விழுந்தது சரிதானா என்று நின்றேன்.

"நீ போனா எனக்கு யார் இருக்கா? அதுக்காகப் பொய்யா ஒண்ணும் எழுதலியே."

"பொய் இல்ல சார்" என்றேன். "ஆனா நீங்க நெனச்சது தப்பு."

அடுத்த அறையில் குமாஸ்தா ஸ்டேப்ளர் அடிப்பதை நிறுத்திவிட்டார். ஆறு வருடத்தில் அந்த அறையில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. சீனியர் தலையை ஆட்டினார். "தப்புதான்" என்றார். அப்புறம் நாளைய கட்டை எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். கோபம் இன்னும் போகவில்லை. பாவமாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 30

ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். நாளை மறுநாள் கடைசி நாள். கெடுவைத் தவறவிடாதவள் இதைத் தவறவிட்டால் நல்ல கதைதான்.

மே 1

பாப்பாவிடம் நானே சொன்னேன். தூரத்து ஊர், படிப்பு, லீவுக்கு வருவேன், தினமும் போனில் பார்க்கலாம், எல்லாம். பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"அங்க நீ யாரோட படுத்துக்குவ?"

"தனியாத்தான்."

"நீ பயப்படுவியே" என்றாள்.

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். போகவேண்டாம். போகவே வேண்டாம். என்ன பெரிய படிப்பு. யாருக்கு வேண்டும்.

இவர் பின்னால் வந்து நின்றார். "எனக்கும் பயந்தான்" என்றார். "ராத்திரி அவ எந்திரிச்சு உன்னைத் தேடினா என்ன செய்வேன்னு இருக்கு. சொன்னா நீ போகமாட்டேன்னுதான் சொல்லல."

"இப்ப ஏன் சொல்றீங்க?"

"நீ மட்டும் பயப்படுறேன்னு நெனச்சுட்டிருக்க. அதான்."

மே 2

அமுக்கிவிட்டேன். கடிகாரத்தோடு சேர்த்துப் படமும் எடுத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் இவர் என்னைத் தரையில் உட்காரவைத்து, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, என் தலையில் பின்னிப் பழகினார். பாப்பாவின் தலையில் பழக அவள் விடவில்லை. முதலில் பழகிட்டு வா என்று சொல்லிவிட்டாள். மூன்று பிரியாகப் பிரிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. "லிஃப்ட் கயிறு எவ்வளவோ தேவலாம்" என்றார். பின்னியது, அவிழ்ந்தது, மறுபடி பின்னினார். அத்தை சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இழுத்துப் பிடிடா, இழுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாப்பா வந்து நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவிழவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் நின்று பார்த்தாள்.

"அம்மா பின்ற மாதிரி இல்ல" என்றாள். "ஸ்கூலுக்குப் பரவால்ல."

என் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. நல்லவேளை. "ஆடாத, இன்னும் ரிப்பன் கட்டல" என்றார் இவர். ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.