நேரில் பார்வையிடப்பட்டது

புதிய வளர்ச்சித் திட்டத்தின் வரைபடத்தை எங்கள் நகரமைப்பு அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்திருப்பதாக அறிவிப்பு வந்தது. ஓய்வு பெற்றவனுக்கு அங்கே என்ன வேலை? ஆனாலும் லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் பெரிய தாளின் மை வாசனை முகத்தில் அடித்தது. வேலை பார்த்த காலமெல்லாம் முகர்ந்த வாசனை. மற்றவர்கள் தங்கள் மனை எந்த நிறத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நான் உன் வயலைத் தேடினேன். அது எப்போதோ மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் என்றால் குடியிருப்பு. அந்த மஞ்சளைப் பூசியவன் நான்தான்.

நம் புதுச்சேரி ஒட்டுப்போட்ட துணி மாதிரி. நம் கிராமம் இரண்டு, நடுவே தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்று, அதைத் தாண்டினால் மறுபடி நம்முடையது. எங்கள் வரைபடத்தில் தமிழ்நாட்டுப் பகுதியை வெள்ளையாகவே விட்டுவிடுவோம். அது எங்கள் பொறுப்பு இல்லை. கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்த நீ, பயிர் வைக்க ஊருக்குப் போய்விட்டாய். உரம் வாங்க டவுனுக்கு வரும்போதெல்லாம் என் மேசைக்கு வந்து அந்த வெள்ளையைப் பார்த்துச் சிரிப்பாய்.

"ஏன்டா, எங்க ஏரி இங்கதான இருக்குது? சோப்பு போட்டு வெளுத்துட்டீங்களா?"

"அது தமிழ்நாடுடா."

"தண்ணிக்கு அது தெரியாதே. அது பாட்டுக்கு எங்க வாய்க்கால்ல வந்துகினு இருக்குது."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மறந்தும் போனேன்.

நான் வேலையில் இருந்த காலத்தில் பழைய திட்டத்தைத் திருத்தியபோது, நகரம் உன் ஊர்ப் பக்கம் வளரட்டும் என்று முடிவானது. நகரம் வளர்வதில் தப்பில்லை. எங்கே வளரலாம் என்று போய்ப் பார்த்துச் சொல்லத்தான் எனக்கு உத்தியோகம் கொடுத்திருந்தார்கள். உன் வாய்க்கால் எங்கள் தாளில் எல்லைக்கோட்டில் திடீரென்று தொடங்கியது. அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தாளில் இல்லை. நீ ஆட்சேப மனு கொடுத்தாய். இந்த வாய்க்காலை நம்பித்தான் ஊரே நடவு நடுகிறது, தயவுசெய்து நேரில் வந்து பாருங்கள் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாய். பார்க்க வேண்டிய ஆள் நான். வரும் தேதியை உனக்குத் தபாலில் அனுப்பியவனும் நான்.

அன்று நல்ல வெயில். கள ஆய்வு என்று எழுதிவைத்துவிட்டால் அலுவலகமும் போக வேண்டியதில்லை. மைத்துனர் வந்திருந்தார். வைத்திக்குப்பத்தில் வஞ்சிரம் வாங்கிவந்து வீட்டில் குழம்பு வைத்தார்கள். சாப்பிட்டுப் படுத்தேன். சோம்பல்தான், வேறு ஒரு காரணமும் கிடையாது. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. மறுநாள் மேசையில் உட்கார்ந்து, 'நேரில் பார்வையிடப்பட்டது. நீர்வரத்து இல்லாத பழைய பள்ளம். மனுதாரர் இடத்துக்கு வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடைசி வரியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. அறிக்கை பார்க்க முழுசாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.

உன் மனு தள்ளுபடி ஆனது. வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டார்கள். தண்ணீர் நின்றதும் நீயும் விற்றுவிட்டாய். அப்புறம் ஒருநாள் கதிர்காமத்தில் ஓர் அடுக்குமாடி வாசலில் உன்னைப் பார்த்தேன். வாட்ச்மேன் உடுப்பு போட்டிருந்தாய்.

"சார், வண்டிய ஓரமா போடுங்க சார்."

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய், டீ வாங்கிக் கொடுத்தாய். என் அறிக்கையோடு உத்தரவின் நகல் உன் கைக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் விட்டானே என்று நிம்மதியாக டீயைக் குடித்தேன். அவ்வளவு மானங்கெட்டவனாக இருந்திருக்கிறேன்.

போன மாதம் உன் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் மனைவி என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க பாக்க வரேன்னு சொன்ன அன்னிக்குக் காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் வாய்க்கா மேலயே குந்திகினு இருந்தாருண்ணா. உங்களுக்குன்னு எளநி வெட்டி வச்சிருந்தாரு. அவரு வரலன்னு ஆர்டர் பேப்பர்ல எழுதியிருக்குதேன்னு பசங்க கத்துச்சிங்க. 'அவன் வந்திருப்பான். தமிழ்நாட்டு ரோட்ல சுத்திகினு வேற பக்கமா வந்து, என்னைக் காணோம்னு திரும்பியிருப்பான்'னு கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னாரு. நீங்க எந்தப் பக்கமாண்ணா வந்தீங்க?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்காது.

"மேற்குப் பக்கமா வந்தேம்மா" என்றேன்.

"மேற்கால ஏரிதானண்ணா இருக்குது."

குரலில் கோபம் இல்லை. எழுந்து, "எல போட்டாச்சு, கை கழுவிட்டு வாங்க" என்றார். நான் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நீ எனக்காகச் சொல்லிவைத்த அந்தச் சாக்கை என்னால் இறக்கிவைக்க முடியவில்லை. நாளைக்கு உன் வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டும். நான் வழி தவறவில்லையடா. அன்று நான் வீட்டை விட்டே கிளம்பவில்லை.