பன்னிரண்டாம் பக்கத்தில் செத்துப்போன அம்மா

அன்புச் செல்லத்துக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் தம்பியும் நம் சலவைக் கடையின் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளும் நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள். போனில் பேசும்போது அடிக்கடி தொண்டையைச் செருமினாய், கேட்டால் ஆபீஸ் ஏசி என்பாய், எனக்குத் தெரியாதா, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடுகிறாய். கடை ஷட்டருக்கு எண்ணெய் போட்டாயிற்று, இப்போது சத்தமே இல்லாமல் திறக்கிறது, எதிர் வீட்டு நர்ஸுக்கு அதில் வருத்தம், அந்தச் சத்தத்தில்தான் அவள் எழுந்திருப்பாளாம். தம்பி பரீட்சை எழுதிவிட்டான், எப்படி எழுதினாய் என்று கேட்டால் பேனாவால் என்கிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய நாவலை அனுப்பிவிட்டு, படிச்சிட்டு உள்ளதைச் சொல்லும்மா, அடுத்த மாசம் பதிப்பகத்துக்கு அனுப்பணும், நீ நல்லா இல்லேன்னு சொன்னா தூக்கிப் போட்டுடுவேன் என்று சொன்னாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா நடுவில் பிடுங்கிக்கொள்கிறார், நீயும் நான் பாதி சொல்வதற்குள் உம் உம் என்று சொல்லி முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம், இதில் நீ குறுக்கே பேச முடியாது.

எனக்குத் தகுதி உண்டா என்று யோசிக்காதே. நீ ஊரை விட்டுப் போனபோது விட்டுப்போன புத்தக அலமாரி முழுவதையும் நான் படித்து முடித்தாயிற்று. கடையில் காலையில் பாய்லர் சூடேறும்வரை சும்மா உட்காருவானேன் என்று ஆரம்பித்தது, இப்போது பாய்லர் சூடேறிப் புஸ் புஸ் என்று கூப்பிட்டாலும் இந்த ஒரு அத்தியாயம் என்று உட்கார்ந்திருக்கிறேன். துப்பறியும் கதைகள்தான் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அவற்றில் எனக்குச் சண்டையும் அதிகம். ஒரு கதையில் கொலைகாரன் சட்டையிலிருந்த ரத்தத்தைக் கொதிக்கிற வெந்நீரில் அலசி அடையாளமே இல்லாமல் பண்ணிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறான். வெந்நீர் பட்டால் ரத்தக்கறை துணியோடு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும், பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், இதுகூடத் தெரியாதவனைப் பிடிக்க ஒரு துப்பறிகிறவர், அவருக்கு ஒரு உதவியாளர் வேறு. இதை வெள்ளைக் கோட்டை வெளுக்கப் போட வரும் பல் டாக்டரிடம் சொன்னேன், அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார். நம் வீட்டில் இன்னொரு தொல்லை உன் அப்பா. பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றாலும் போய்ச் சேருகிற இடம் முன்கூட்டியே தெரிய வேண்டும் அவருக்கு, எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறார். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் பரவாயில்லை, நான் நடுவில் இருக்கும்போது எட்டிப் பார்த்து, அந்தத் தோட்டக்காரனை ரொம்ப நம்பாதே என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

மாயமந்திரக் கதைகளில் எனக்கு மந்திரத்தை நம்புவதில் ஒரு கஷ்டமும் இல்லை. பாம்பு பறக்கட்டும், மரம் பேசட்டும், எழுதுகிறவர் இஷ்டம். ஆனால் இளவரசன் மழையிலும் சேற்றிலும் வாரக் கணக்கில் குதிரையில் போய் எதிரிக் கோட்டை வாசலில் இறங்கும்போது அவன் வெள்ளை அங்கி பளிச்சென்று இருந்தது என்று எழுதினால் எனக்கு வயிறு எரிகிறது. யார் துவைத்தது, எங்கே காயப்போட்டார்கள், ஒரு வரி இருக்கிறதா பார். உன் தம்பி படிக்கிற விஞ்ஞானக் கதைகள் இன்னும் மோசம், அதில் எல்லோரும் உடம்போடு ஒட்டிய வெள்ளி நிற உடையில் திரிகிறார்கள், ஒருத்தருக்கும் பாக்கெட் கிடையாது. ஜலதோஷம் பிடித்தால் கைக்குட்டையை எங்கே வைப்பார்கள் என்று கேட்டால், வருங்காலத்துல ஜலதோஷமே இருக்காதும்மா, துணி தானாவே சுத்தமாகிக்கும் என்கிறான். என் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கென்றே எழுதுகிறார்கள் போல. உன் அப்பாவுக்கு அந்தக் கதைகளில் வேறு குறை, இவ்வளவு தூரம் போற வண்டியில மாத்து டிரைவர் யாருன்னே சொல்லலையே என்கிறார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பொறுக்காது. இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் அம்மா செத்துப்போகிறாள். கதாநாயகன் வாளை எடுப்பதற்கு முன்னால், கதாநாயகி விண்கலத்தில் ஏறுவதற்கு முன்னால், காய்ச்சலோ நெருப்போ வந்து அம்மாவைக் கொண்டுபோய்விடும். அவள் இருந்தால் ஸ்வெட்டர் போட்டாயா, சாப்பாடு கட்டிக்கொண்டாயா, யாரோடு போகிறாய் என்று கேட்டே கதையை நிறுத்திவிடுவாளாம். படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல், சரி ஊரார் கதைதானே என்று விட்டுவிட்டேன். உன் நாவல் வந்தது, மலை நாடு, பறக்கும் கப்பல், அதில் ஒரு மந்திரிக்கு விஷம், மூன்று வகைக் கதையையும் ஒரே மெஷினில் போட்டுச் சாயம் ஒட்டாமல் எடுத்திருக்கிறாயே என்று சந்தோஷமாகப் படித்துக்கொண்டே போனேன். பன்னிரண்டாம் பக்கம். அந்தப் பெண்ணின் அம்மா மூன்று வரியில் செத்துப்போனாள். அவளுக்கு ஒரு பேர்கூட வைக்கவில்லை நீ. அப்பா மட்டும் பறக்கும் கப்பலின் கேப்டன், மீசையோடு கடைசிவரை கம்பீரமாக இருக்கிறார். அது தெரிந்ததிலிருந்து உன் அப்பா நடையே மாறிவிட்டது, குப்பை கொட்டப் போவதுகூட கப்பல் மேல்தளத்தில் உலாவுவது மாதிரிதான். நான் காகிதக் கட்டை மூடித் துவைக்க வேண்டிய திரைச்சீலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லை. இவள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள், அங்கே நினைத்துப் பார்க்கும்போது நான் இவளுக்கு மூன்று வரிதானா என்று தோன்றிவிட்டது, நீ கேட்டபடி உள்ளதைச் சொல்கிறேன்.

உன் அப்பா வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தை எப்போதோ படித்துவிட்டிருந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவதைப் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்துல நீதான் இருக்கே, போய்ப் படி என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போனார். உடனே போய் எடுத்தால் கௌரவம் என்ன ஆவது, திரைச்சீலைகளைத் துவைத்து முடித்த பிறகுதான் எடுத்தேன். படித்தேன். மந்திரிக்கு விஷம் வைத்தவன் யார் என்று கப்பலையே கவிழ்த்துத் தேடும்போது அந்தப் பெண் அழுக்குத் துணிக் குவியலிடம் போகிறாள், ஒவ்வொரு துணியாக எடுத்து, தண்ணீரில் போடும் முன் பாக்கெட்டில் கைவிட்டுப் பார்க்கிறாள், விஷச் சீசா கிடைக்கிறது. துணியைத் தொட்டால் முதலில் பாக்கெட்டைத் தொடு என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அப்போதெல்லாம் காதிலேயே வாங்காத மாதிரி இருந்தாய். அப்புறம் அந்தக் கடைசிப் பக்கம். எல்லாம் முடிந்து தனியாகக் கரையில் நிற்கிறாள், குளிருக்குத் தன் கோட்டுப் பாக்கெட்டில் கைவிடுகிறாள், உள்ளே இஸ்திரி போட்டு நாலாய் மடித்து மூலையை உள்ளே செருகிய கைக்குட்டை. அந்த மடிப்பு என் மடிப்பு, நம் தெருவில் வேறு யாருக்கும் அது வராது. கவுன்ட்டரில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பல் டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்றார், பாய்லர் ஆவி என்று சொல்லிவிட்டேன்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் என் துப்பறியும் புத்தி விழித்துக்கொண்டது. கவனி. அம்மா பன்னிரண்டாம் பக்கத்தில் போய்விட்டாள். அந்தக் கோட்டு, கேப்டன் நாலாம் அத்தியாயத்தில் துறைமுகக் கடையில் வாங்கித் தந்த புதுக் கோட்டு, நீயே எழுதியிருக்கிறாய், பித்தானில் கடை நூல்கூடப் பிரியவில்லை என்று. அப்படியானால் கைக்குட்டையை யார் வைத்தது? கேப்டன் வைக்கவில்லை, உன் அப்பாவுக்கு மடிக்கத் தெரிந்த ஒரே துணி லுங்கி. பேய் வைத்தது என்று நீ எங்கேயும் சொல்லவில்லை. தடயங்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் காட்டுகின்றன. நீ அவளைக் கொன்றதாக எழுதிவிட்டாய், ஆனால் உன் கை அதை நம்பவில்லை, கடைசிவரை அவளை உயிரோடு வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறது.

அதனால் என் தீர்ப்பைக் கேட்டுக்கொள். நாவல் நன்றாக இருக்கிறது, தூக்கிப் போட்டால் நடக்கிறதே வேறு. பதிப்பகத்துக்கு அனுப்பு. அனுப்பும் முன் அந்த அம்மாவை மட்டும் பிழைக்க வை, காய்ச்சல் வந்து குணமாகட்டும், ஒரு பேர் வை, துறைமுகத்தில் வாங்கிய புதுக் கோட்டுக்கு இஸ்திரி போட்டு அவள் கையாலேயே மாட்டிவிடட்டும். அம்மா உயிரோடு இருந்தால் பெண் எப்படி அவ்வளவு தூரம் கிளம்பிப் போவாள், கதை நம்பும்படி இருக்காதே என்று நீ சொல்வாய். நீ போனாயே. நான் இருந்தேனே. உன் கோட்டுக்கு இஸ்திரி போட்டு, ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைக்குட்டை வைத்து, போய்ட்டு வா என்று சொல்லி, நீ திரும்பிப் பார்த்தபோது சிரித்துக்கொண்டு நின்றேனே. அதைவிடப் பெரிய சாகசம் உன் நாவலில் வேறு எதுவும் இல்லை, அதைப் போய் விட்டுவிட்டாயே.

தலையைத் துவட்டிவிட்டுப் போ. மெஷினில் போடும் முன் பாக்கெட்டைப் பார். உன் பேனாவும் உடம்பும் நன்றாக இருக்கட்டும், எழுதுவதெல்லாம் அச்சேறட்டும், கேப்டனும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்டியும் உயிரோடு இருக்கிற
உன் அம்மா