சனிக்கிழமை லாரிகள்

மார்ச் 9, சனி

இன்று பல் லேபிலிருந்து சீக்கிரம் கிளம்பிவிட்டேன். முன்பல் செட் ஒன்று பாக்கி. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை சாயங்காலம் எனக்கும் என் மகள் வாலுவுக்கும் உரியது. அவள் தன் அப்பா வீட்டிலிருந்து, நான் இங்கிருந்து, கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆளுக்கொரு லாரி.

பனிமலைப் பாதையில் மரம் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தோம். வகுப்பில் தோழி ஒருத்தி இவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாளாம். ஏன் என்று அவள் சொல்ல வாயெடுத்த நேரம், என் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். பிறகு மலை குறுக்கே கிழிந்த மாதிரி கோடுகள். பிறகு ஒரே கறுப்பு. குரல் மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, ஏன் நின்னுட்ட? அம்மா, பின்னால வண்டி வருது."

அதுவும் நின்றுவிட்டது.

மார்ச் 10

லேப்டாப் திறக்கிறது. எழுத்து தெரிகிறது, படம் ஓடுகிறது. லாரியைத் தொட்டால் மட்டும் செத்துவிடுகிறது.

வாலுவுக்கு போன் செய்தேன். சாப்பிட்டியா? ம். படிச்சியா? ம். அந்தத் தோழி என்ன ஆனாள்? "அது ஒண்ணும் இல்லம்மா." முடிந்தது.

அவள் அப்பாவும் நானும் பிரிந்தபோது அவளுடைய பள்ளிக்கூடம் அங்கே, என் வேலை இங்கே. அவளுக்குப் புதிய லேப்டாப் வந்ததும், ஸ்டிக்கர் ஒட்டின இந்தப் பழையதை எனக்குக் கொடுத்து, லாரி ஓட்டவும் சொல்லிக்கொடுத்தாள். ஓட்டும்போது இரண்டு பேருக்கும் கண் ரோட்டில் இருக்கும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, அங்கே எல்லாவற்றையும் சொல்வாள். போனில் நான் ஏதோ விசாரணை அதிகாரி மாதிரி ஆகிவிடுகிறேன்.

மார்ச் 12

மெக்கானிக் பின்மூடியைக் கழற்றிவிட்டு மோந்து பார்த்தார்.

"மேடம், இது லேப்டாப் இல்ல, இஸ்திரிப்பெட்டி. எத்தனை வருஷமா வெந்துட்டு இருந்துச்சோ. கேம் ஓட வைக்கிற கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு."

பெரும்பாலான லேப்டாப்பில் அது போர்டோடு ஒட்டியே இருக்குமாம். இதில் தனியாகக் கழற்றலாம், அது என் நல்ல நேரம். ஆனால் இந்தக் கார்டு இப்போது யாரும் செய்வதில்லை, அது என் கெட்ட நேரம்.

"பழசு எங்கயாவது மாட்டுதான்னு பாக்கறேன். செத்த கார்டுக்கே சூடு காட்டி எழுப்பலாம்னு சிலபேர் சொல்வாங்க. ஒரு வாரம் ஓடும், திரும்பப் படுத்துக்கும். நான் அதைச் செய்யமாட்டேன். மத்தபடி மெயில் பாக்க, படம் பாக்க, இப்படியே போதுமே?"

போதாது என்றேன். நான் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்துவிட்டு, என் நம்பரை எழுதிக்கொண்டார்.

மார்ச் 16, சனி

வழக்கமான நேரத்துக்கு ஹெட்ஃபோனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன். எதற்கு?

மார்ச் 21

கிடைத்துவிட்டது. திரை உடைந்துபோன இதே மாடல் லேப்டாப் ஒன்றிலிருந்து எடுத்த கார்டு. வாலுவிடம் சொன்னதும் அவள் குரலே மாறிவிட்டது.

"கடையில குடுக்காத. நீயே மாத்து. நான் வீடியோல பாத்துச் சொல்றேன்."

மெக்கானிக்கிடம் சொன்னபோது, "கை நடுங்குமா?" என்று மட்டும் கேட்டார். பல் செய்யும் லேபில் வேலை என்றேன். "அப்ப தைரியமா செய்யுங்க." கார்டின் சூட்டைக் கடத்தும் பசையும் ஒட்டும் பட்டைகளும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார்.

மார்ச் 24, ஞாயிறு

போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தேன். அந்தப் பக்கம் வாலு, முடியை உச்சியில் முடிந்துகொண்டு, டாக்டரம்மா மாதிரி.

"முதல்ல பேட்டரியைக் கழட்டு. இப்ப அந்த செம்புக் குழாய் மேல நம்பர் போட்ட ஸ்க்ரூ இருக்கா? ஒண்ணைத் தளர்த்தினா அடுத்து எதிர்மூலையில இருக்கறதைத் தளர்த்து."

"தெரியும்டி. பல்லும் அப்படித்தான், ஒரே பக்கம் அழுத்தக் கூடாது."

"பேசாம செய்ம்மா."

சிரித்தோம். காய்ந்து மண்ணாகிப்போன பழைய பசையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னாள்.

"அம்மா. அப்பா கல்யாணம் பண்ணிக்கப் போறார்."

துடைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது.

"யாரை?"

"அப்பா ஆபீஸ்ல ஒருத்தங்க இருக்காங்க. வீட்டுக்கு வந்திருக்காங்க. நல்லவங்கதான்."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"தெரியலம்மா. பிடிச்சா உனக்குக் கஷ்டமா இருக்குமா?"

இந்தக் கேள்வியை எத்தனை நாளாக வைத்துக்கொண்டு இருந்தாளோ. லாரி ஓட்டும்போது கேட்கத்தான் காத்திருந்தாள் போல. நான் பஞ்சைக் கீழே வைத்தேன். பிடிச்சா நல்லதுதான்டி, என்றேன். குரல் ஒழுங்காகத்தான் வந்தது. பொய்யா? பாதி பொய்.

கார்டைச் சாய்வாகச் செருகி, படுக்கவைத்து, முடுக்கி, மூடி, பட்டனை அழுத்தினேன். விசிறி ஓவென்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"கொஞ்சம் பொறும்மா," என்றாள். பொறுத்தோம். கறுப்பு.

"பரவால்ல," என்றாள் வாலு. எனக்கு ஆறுதல் சொல்லும் வயது எப்போது வந்தது இவளுக்கு?

மார்ச் 25

வேலை முடிந்ததும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மெக்கானிக் திறந்து, கார்டை வெளியே எடுத்து, மறுபடி செருகி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம்.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. பயந்துபோய் மெதுவா அழுத்திட்டீங்க."

திரை வந்தது. கடையிலேயே லாரியைத் திறந்து பார்த்தேன். மலை இருந்தது, பனி இருந்தது. வெளியே வந்து வாலுவுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு இதயம் வந்தது. பிறகு இன்னொன்று.

மார்ச் 30, சனி

"அம்மா, இன்னைக்கு எல்லாரும் வெளியே போறோம். சாரி."

எல்லாரும்.

நான் தனியாக ஓட்டினேன். வேகத்தைக் கூட்டவில்லை, யாரையும் முந்தவில்லை. சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வாழ்த்துகள் என்று திரையில் எழுத்து வந்தது. அவளுடைய குரலுக்காக என்னவெல்லாம் செய்தேன். கார்டு வேலை செய்கிறது. அந்தப் பக்கம் ஆள் இல்லை.

ஏப்ரல் 6, சனி

இன்றும் இல்லை.

ஏப்ரல் 20, சனி

வந்தாள். பரீட்சை, தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான் பேச்சு. தோழியோடு சமாதானமாகிவிட்டதாம், அதுவும் போன மாதமே. அந்தக் கதையின் நடுப்பகுதி எனக்குக் கிடைக்கவே இல்லை. இனி நிறைய விஷயங்கள் எனக்கு இப்படித்தான் வந்து சேருமோ? முடிந்துபோன பிறகு?

கோபம் இல்லை. யார்மேல் கோபப்பட? பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டே இருக்கமாட்டேன், முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

மே 8

இன்று அவர்கள் கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகம் போயிருப்பார்கள். வாலு என்ன உடுத்திக்கொண்டாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. லேபில் ஒரு கடைவாய்ப்பல் அளவு தவறிவிட்டது. உடைத்துவிட்டு மறுபடி செய்தேன்.

மே 18, சனி

லீவு விட்டாயிற்று. வாலு உற்சாகமாக வந்தாள். பாலைவனப் பாதை, இரண்டு லாரியிலும் குழாய்கள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தவள், "இரும்மா, ஒரு நிமிஷம்" என்றாள். அடுத்து அவள் லாரி ஆடி ஆடிப் போய் வேலியில் இடித்து ஏறி நின்றது.

"என்னடி ஆச்சு?"

"இது... நான். அவ குளிக்கப் போயிட்டா. வர்ற வரைக்கும் பிடிச்சுக்கோங்கன்னு என் தலையில மாட்டி விட்டுட்டா."

கொஞ்சம் கரகரத்த பெண் குரல். பயந்த குரல். இதுவரை நான் கேட்டதில்லை. யாருடையது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"பிரேக் எதுங்க?"

"கீழ பாத்த அம்புக்குறி."

"வேலி போச்சு."

"பரவால்ல. திரும்ப முளைச்சிடும்."

அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிரிப்பு. என் லாரியையும் ஓரமாக நிறுத்தினேன். அப்போது அவர்கள் வீட்டில் எங்கோ தூரத்தில், தண்ணீர்ச் சத்தத்தோடு ஏதோ கேட்டது.

"பாடறாளா?" என்றேன்.

"தினமும். வீடே கேக்கும். உங்களுக்குக் கேக்குதா?"

"லேசா."

நாற்காலி நகரும் ஓசை. கதவு திறக்கும் ஓசை. மைக்கை அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டாள் போலிருக்கிறது. பாட்டு பக்கத்தில் வந்தது. வார்த்தை புரியவில்லை, சுருதியும் சேரவில்லை. வாலு பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

தண்ணீர் நிற்கும்வரை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.