இருமுறை எண்ணப்பட்ட ஆறு

மார்ச் 3

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கேயாவது கொட்டித் தீர்க்கிறேன்.

இந்த வட்டாரத்தில் அணை கட்டப்படாமல் மிஞ்சியிருப்பது ஒரே ஓர் ஆறு. அதன் குறுக்கே தடுப்பணை போட எங்கள் நீர்த்திட்ட அலுவலகம் வரைவு தயாரித்துவிட்டது. கோடையிலும் உபரி நீர் உண்டாம். எங்கிருந்து வந்தது உபரி? நகரத்துக்கென மேலே எடுக்கும் தண்ணீரை ஆற்றின் வரவில் ஒரு முறை கூட்டியிருக்கிறார்கள். அதே தண்ணீர் சாக்கடையாகிக் கீழே வந்து ஆற்றில் விழுகிறது. நாங்கள் ஆற்றை அளக்கும் இடம் அதற்கும் கீழே. அங்கே ஓடுவதையும் கூட்டியிருக்கிறார்கள். ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்கிற வேலை. இரட்டிப்பைக் கழித்தால், கோடையில் அணைக்குக் கீழே வெறும் மணல்.

வரைவில் கையெழுத்திட்டவன் என் மேலதிகாரி. என் மனைவியின் தம்பி. எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் ஏழு வருடமாக உட்கார்ந்திருப்பவன். இன்று கூட்டத்தில் தவறைச் சொன்னேன். சிரித்தான்.

"எனக்குப் பதவி குடுத்ததே சாருக்கு இன்னும் செரிக்கல. இது எப்படிச் செரிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மேசைமேல் கண்ணாடிக் கூஜா இருந்தது. அது அவன் பற்களில் உடைவதை நினைத்துப் பார்த்தேன். கூட்டம் முடியும்வரை திரும்பத் திரும்ப நினைத்தேன்.

மார்ச் 4

அதே நினைப்பு. இன்று கூஜா இல்லை, கல்.

மார்ச் 11

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். இடப்பக்கம் தண்ணீர் கேட்கும் விவசாயிகள், வலப்பக்கம் கழிமுகத்து மீனவர்கள். நடுவில் ஒரு கயிறு. இந்த மகத்தான ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ.

"கடலுக்குப் போய் வீணாகுற தண்ணி எங்க வயலுக்கு வந்தா உனக்கு எங்கய்யா நோவுது?"

"ஆறு கடலுக்குப் போகாம உன் மாமியார் வீட்டுக்கா போகும்?" என்றார் வலைக்காரர் ஒருவர். நரைத்த தலை, ஒல்லியான உடம்பு. அவர் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் பற்றவைத்தது. பேசுவதற்காக நான் மைக்கை வாங்குவதற்குள் முதல் நாற்காலி பறந்தது. பிறகு கயிறு எங்கே, யார் எந்தப் பக்கம்... ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான், விரலிடுக்கில் ரத்தம். வலைக்காரர் கீழே விழுந்தார். விழுந்தவர் தலையில் இரும்பு நாற்காலியை இறக்கினார்கள். அந்தச் சத்தம் இன்னும் போகவில்லை. என்னை நோக்கி ஒரு கட்டை வந்தது. அதைத் தன் முழங்கையில் வாங்கிக்கொண்டு என்னை வெளியே இழுத்துப் போட்டவன் – அவனேதான்.

"வாங்க மாமா, நடங்க."

என்னைக் காப்பாற்ற ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

மார்ச் 13

வலைக்காரர் இறந்துவிட்டார்.

மார்ச் 14

கையில் மாவுக்கட்டோடு அக்காவைப் பார்க்க வந்தான். "அந்த வலைக்காரரு தானா போய்ப் பாஞ்சதுனாலதான் வினை" என்று காப்பியை உறிஞ்சினான். செத்தவன்மேல் பழி. அவன் கழுத்தைச் சுவரோடு சேர்த்து நெரித்தேன். மாவுக்கட்டால் என் நெற்றியில் அடித்தான். நான் விடவில்லை. அவன் முகம் கறுத்தது. எனக்கு, எழுதவே கூசுகிறது, இனித்தது. மனைவி என் கையைக் கடித்துத்தான் பிரித்தாள்.

அவன் போனபின் காயத்துக்கு மருந்து போட்டாள். அழவில்லை.

"நீங்க சொல்ற கணக்கு சரிதான்னு எனக்குத் தெரியும். ஆனா உங்க வாயிலேர்ந்து வந்தா வயித்தெரிச்சல்னுதான் ஊர் கேக்கும். அவனைக் கெடுக்கணுமா, ஆத்தைக் காப்பாத்தணுமா? ஒண்ணைச் சொல்லுங்க."

எழுந்து அறைக்குள் வந்துவிட்டேன். என்ன பெண் இவள்.

மார்ச் 16

வரும் வாரம் வரைவுக்கு அரசின் ஒப்புதலாம். விடுமுறை போட்டுவிட்டுக் காலையிலிருந்து செய்தித்தாளுக்கு எழுதினேன். பதினோரு பக்கம். நாற்காலி, சிரிப்பு, என் கல்யாணத்தில் அவன் செய்த அவமானம்வரை எல்லாம் வந்தது. மத்தியானம் உட்கார்ந்து அவனை வெட்ட ஆரம்பித்தேன். வெட்ட வெட்ட நானும் கூடவே போனேன். மிஞ்சியது ஒரு பக்கம்: தண்ணீர் எங்கே எடுக்கப்படுகிறது, எங்கே திரும்பி விழுகிறது, எங்கே அளக்கிறார்கள். யாரும் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அடியில் என் பெயரை எழுதினேன். பெயர் இருந்தால் இது மாமன் மச்சான் சண்டை. படிப்பவன் ஆற்றை மறந்துவிடுவான். மைத்துனனை வீழ்த்தியது நான்தான் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று எத்தனை வருடம் காத்திருந்தேன். நிச்சயம் வந்து கேட்பான். நான் இல்லை என்று சொல்ல வேண்டும். சாகும்வரை.

பக்கத்தைப் புதிதாக எழுதிவிட்டேன். பெயர் போடாமல் தபாலில் சேர்க்கப் போகிறேன்.