மூன்று பட்டைக்குக் கூடுதல் சம்பளம்

என் கேப்டன் பேத்திக்கு, தரையில் நிற்கிற பாட்டி எழுதுவது. முழங்கால் வலி தேவலை. மனசுதான் கொதிக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சின்ன விமானத்தில் நீ கேப்டன், தோளில் நாலு பட்டை. பெரிய விமானத்துக்குப் போனால் துணை விமானி, மூன்றே பட்டை. ஆனால் சம்பளம் மட்டும் இப்போதைவிட அதிகம்! படி இறங்கினால் சம்பளம் ஏறுகிற அதிசயத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடணும், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் நியாயம் கேட்டுவிடலாம் என்று இங்கே விமான நிலையத்தில் இருக்கிற உங்கள் கம்பெனி ஆபீசுக்கே போய்விட்டேன். திட்டாதே. மேலாளர் மரியாதையாக நாற்காலி போட்டார். விமானத்தின் எடையையும் இருக்கைகளையும் வைத்துத்தான் சம்பளம் என்றார். நீங்கள் ஆளுக்குக் கூலி கொடுக்கிறீர்களா, இரும்புக்கா என்று கேட்டேன். பெரிய விமானத்தில் இருநூறு உயிர் இருக்கும்மா என்றார். என் பேத்தி தரத்துக்கு எழுபது பேராக ஒரு நாளைக்கு ஆறு தரம் ஏற்றி இறக்குகிறாளே, கூட்டிப் பாருங்கள் என்றேன். மனுஷர் கூட்டவில்லை. தண்ணீர் வேணுமா என்று கேட்டார்.

உன் தாத்தா மினி பஸ் ஓட்டியபோது அந்த டிப்போ மேலாளனும் இதையேதான் சொன்னான். பெரிய பஸ்ஸுக்குத்தான் பெரிய சம்பளமாம். சந்து சந்தாக வளைத்து ஓட்டியவருக்குக் கை வலிதான் மிச்சம். முப்பத்தாறு வருஷம் ஆச்சு. அவன் சட்டைப் பையில் இருந்த மைக்கறை வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டான். நான் போகவே இல்லை.

இருந்தாலும் நீ கையெழுத்துப் போட்டுவிடு. என் கோபம் உன் சோற்றில் மண் போடக் கூடாது. கேப்டன் பக்கமோ துணை விமானி பக்கமோ, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நிமிர்ந்து உட்கார். பட்டை ஒன்று குறைந்ததே என்று எவனாவது சிரித்தால் பெயரை எழுதி அனுப்பு. மறக்காமல் வைத்துக்கொள்கிறேன்.

கிளம்பும்போது மேலாளரிடம் இன்னொன்றும் கேட்டேன், கொஞ்சம் மெதுவாகத்தான். நீ இப்போது வாரா வாரம் கொண்டுவந்து இறக்குகிற சின்ன விமானம் மட்டும்தான் நம்ம ஊருக்கு வருமாம். பெரியது இறங்க ஓடுதளம் இன்னும் அறுநூறு மீட்டர் நீளணுமாம். அங்கேயே ஒரு தாள் வாங்கி மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ நன்றாக இரு, கண்ணு. அவர்கள் நீட்டி முடிக்கிறவரை நானும் இருக்கப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பாட்டி