நிரந்தர முகவரி

ஏப்ரல் 3
மழை. கூரை மறுபடி ஒழுகி மெத்தையில் பாதி நனைந்துவிட்டது. வீடாகவே இருக்கும் இந்தக் கேம்பர் வண்டியை வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது.

இண்டியானாவில், வண்டியைச் செய்த கம்பெனியின் மைதானத்தில், ரிப்பேருக்காக இது பதினோராவது நாள். காலை ஆறு மணிக்கு மெக்கானிக் வண்டியை உள்ளே இழுத்துப் போகிறான். வண்டிக்காரர்கள் நாங்கள் பதினைந்து பேர் நாய்களோடு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறோம். மூன்று மணிக்குத் திருப்பித் தருகிறான், ஒழுகலோடு.

என் மனைவி டார்லா ஜனவரியிலிருந்து ஒஹையோவில், தங்கை வான்டா வீட்டில். பூஞ்சை வாடை அவள் நெஞ்சுக்கு ஆகவில்லை, ஓயாத இருமல். "கூரை சரியானதும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஏப்ரல் 5
பக்கத்து வண்டியில் ஒரு பெண் இருமினாள். சட்டென்று திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 8
பக்கத்து வண்டி டுவேன், "மேனேஜருக்கு உருக்கமா ஒரு லெட்டர் போடுப்பா. அவனுக்கும் பெண்டாட்டி இருப்பா" என்றான். நான்கு பக்கம் எழுதினேன். முப்பத்தோரு வருடம் இருந்த வீட்டை விற்றதை, இதுதான் எங்கள் ஒரே வீடு என்பதை, அதில் என் மனைவியால் மூச்சுவிட முடியவில்லை என்பதை.

ஏப்ரல் 15
பதில் வந்தது. வாரண்டி பொழுதுபோக்குப் பயணத்துக்கு மட்டுமாம், குடியிருந்தால் செல்லாதாம். ஆதாரம்? என் கடிதமேதான். நாலாவது பக்கம்வரை அடிக்கோடு போட்டிருக்கிறார்கள்.

கம்பெனி கவுண்டரில் இருக்கும் கெல்சி பாவமாகப் பார்த்தாள். "எல்லாரும்தான் சார் இதுல குடியிருக்காங்க. யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க."

டுவேன் அதற்குப் பிறகு என் பக்கம் வரவில்லை. எனக்கு நானே குழி வெட்டினேன், மண்வெட்டி மட்டும் அவனுடையது.

ஏப்ரல் 17
கெல்சி மேலிடத்தில் பேசி ஒரு படிவம் வாங்கித் தந்தாள். எங்கள் வீடு வேறு இடத்தில் இருக்கிறது என்று முகவரியோடு உறுதி கொடுத்தால் புதுக் கூரையே போட்டுத் தருவார்கள். 'நிரந்தர முகவரி' என்று ஒரு கோடு. எழுதக் கை வரவில்லை. டார்லாவைக் கூப்பிட்டேன்.

"வான்டா வீட்டு முகவரியப் போடு."

"பொய்யாச்சே அது."

"எனக்குப் பொய் இல்ல," என்றாள். "இங்க லைப்ரரியில வேலைக்குச் சேந்துட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"கூரை சரியானா வர்றேன்னியே?"

"வருவேன். வந்து பாப்பேன்."

வந்து பார்ப்பாளாம். என்னடி பேச்சு இது? அவளிடம் கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன்.

ஏப்ரல் 18
வான்டா வீட்டு முகவரியையே எழுதிக் கொடுத்தேன். சான்று போடும் அம்மாள், "இதெல்லாம் உண்மைதானே?" என்றாள். பாதி உண்மை என்றேன். "பாதிக்கு இதுல இடம் இல்லீங்க" என்று முத்திரையைக் குத்தினாள்.

மே 9
புதுக் கூரை. இரண்டு மணி நேரம் மழை கொட்டியது. அண்ணாந்தே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை. யாரிடம் சொல்ல?

மே 24
ஏரிக்கரை முகாம். டார்லா வான்டாவின் காரில் வந்திருக்கிறாள், நாலு நாளைக்கு. கையில் சின்னப் பை. உள்ளே வந்து நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். "வாடையே இல்ல. நல்லா பண்ணியிருக்காங்க."

அவ்வளவு நாள் இந்த மூச்சுக்காகத்தான் காத்திருந்தேன்.

காபி நானே போடுகிறேன் என்று எழுந்தாள். அடுப்பருகே நின்று திரும்பிக் கேட்டாள்: "கப் எல்லாம் எங்க வெச்சிருக்க?"

அவள் அடுக்கி வைத்த அலமாரிதான். கையைக் காட்டினேன்.