காது கேட்காத நாய்

தை கடைசி வெள்ளி. இராஜபாளையம்.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பதிப்பாளர் போன் செய்தார். "மேடம், வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்ட் கடையில உங்க கிரைம் நாவல் அம்புட்டும் தீந்துட்டு. இன்னும் கேக்காக." சந்தோஷத்தில் மதியம் பாயசம் வைத்தேன்.

சாயங்காலம் பெரியப்பா போனில் கூப்பிட்டார். பட்டாளத்திலிருந்து வந்தபிறகு வத்திராயிருப்பு தென்னந்தோப்பில் தனியாக இருக்கிறார். நாவலில் கொலையாகிறவர் அவர்தான். பெயரை மாற்றினேன், மீசையை எடுத்தேன். அவருடைய வெள்ளை நாயை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். கொலைகாரன் வரும்போது அது குரைக்காததில்தான் கதையே இருக்கிறது. நாயை வைத்து ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிட்டது.

திட்டுவார் என்று நினைத்தேன். குரல் இறங்கித்தான் இருந்தது.

"ஏட்டி, என்னையக் கொன்னது கெடக்கட்டும். நாய்க்குக் காது கேக்காதுன்னு ஏன் எழுதுன?"

பிறவியிலேயே அதற்குக் காது கேட்காது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம். அதன் உயரத்துக்குப் பயந்துதான் இத்தனை வருஷமாக யாரும் தோப்புக்குள் கால் வைக்கவில்லை.

"வேற நாய் ஒண்ணு வாங்குவோமா பெரியப்பா?"

"இது இன்னொண்ணச் சேக்காது. சரி, நீ படு. பாதிதான் படிச்சிருக்கேன், மிச்சத்தையும் முடிக்கணும்."

எங்கே படுக்க? புத்தகத்தை வாங்கிப்போனவர்கள் யார் யாரோ. எல்லாருமா கதைக்காக வாங்கினார்கள்?

தோப்பில் ஓடைப்பக்கம் வேலி பிய்ந்து கிடப்பதையும் எழுதியிருக்கிறேன். அது பின்பாதியில் வருகிறது. பெரியப்பா இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.